உரைகல்லும் சிலம்பும்: பழங்காலத் துப்பறியும் கதைக்கு நம்மிடம் என்ன இருக்கிறது?

பினாங்கு சவ்ராஸ்தா சந்தையின் கீழ்த்தளத்தில் மீனும் காய்கறியும் ஜாதிக்காய் ஊறுகாயும் விற்பார்கள். மாடியில் பழைய புத்தகக் கடைகள். அங்கேதான் பல ஆண்டுகளுக்கு முன் அட்டை கழன்ற ஓர் ஆங்கில நாவலை 5 வெள்ளிக்கு வாங்கினேன். கதை நடப்பது கி.பி. 70-இல், வெஸ்பாசியன் ஆண்ட ரோமாபுரியில். கதைநாயகன் மார்க்கஸ் டிடியஸ் ஃபால்கோ ஒரு சலவைக்கடைக்கு மேலே, ஆறாவது மாடியில் குடியிருக்கிறான். வாடகை பாக்கி. தாயின் ஏச்சு. தொழில், காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் விவகாரத்தில் துப்பு விசாரிப்பது. நாவல் ‘தி சில்வர் பிக்ஸ்’, எழுதியவர் லிண்ட்சி டேவிஸ், வெளிவந்த ஆண்டு 1989.

அன்றிரவே படித்து முடித்தேன். முடித்ததும் எழுந்த கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை. அந்த ரோமாபுரிக்குக் கப்பல் கப்பலாக மிளகு அனுப்பியவர்கள் நாம். எகிப்தின் பெரெனிகே துறைமுகக் கோயிலில் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு, ஒரு இந்தியத் தாழியில் நிறைந்தபடி அகழாய்வில் கிடைத்தது. குசெயிர் அல்-கதீமில் கிடைத்த ஓடுகளில் கணன், சாதன் என்று தமிழ் எழுத்தில் பெயர் கீறியிருக்கிறார்கள். ஃபால்கோவின் தெருமுனைக் கடையில் விற்கும் மிளகுக்குக் கணக்கு எழுதிய தமிழன் ஒருவன் இருந்தே தீரவேண்டும். அவன் ஊரிலும் களவு நடந்திருக்கும், கொலை நடந்திருக்கும். அவற்றை விசாரிக்க ஒரு ஃபால்கோ ஏன் நம் மொழியில் பிறக்கவில்லை? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைத்தான் சுற்றி வருகிறது.

முதலில் ரோமாபுரியின் கதையைப் பார்த்துவிடுவோம். கடந்த காலத்தில் நடக்கும் துப்பறியும் நாவலுக்கு முன்னோடியாகப் பலரும் காட்டுவது அகதா கிறிஸ்டியின் ‘டெத் கம்ஸ் ஆஸ் தி எண்ட்’. 1944-இல் வந்தது, கி.மு. 2000-ஐ ஒட்டிய எகிப்தில் நடப்பது. அதன்பின் நெடிய இடைவெளி. 1977-இல் எல்லிஸ் பீட்டர்ஸ் காட்ஃபேல் என்ற துறவியைத் துப்பறிய வைத்தார். 1980-இல் உம்பர்டோ எகோவின் ‘ரோஜாவின் பெயர்’ வந்தது. இரண்டும் இடைக்கால ஐரோப்பா. ரோமாபுரிக்குக் கதவு திறந்தது 1989 முதல் 1991 வரையிலான மூன்றே ஆண்டுகளில். டேவிஸின் ஃபால்கோ, ஜான் மடாக்ஸ் ராபர்ட்ஸின் ‘எஸ்.பி.க்யூ.ஆர்’ வரிசை, ஸ்டீவன் செய்லரின் கோர்டியானஸ் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வந்தன. பிறகு ரூத் டௌனி, பிரிட்டன் எல்லையில் பணியாற்றும் ரோமானிய ராணுவ மருத்துவர் ரூசோவை 2006-இல் கொண்டுவந்தார். கரோலின் லாரன்ஸ் 2001 முதல் சிறுவர்களுக்காகவே ஒரு வரிசை எழுதினார். பிரிட்டனின் குற்றக்கதை எழுத்தாளர் சங்கம் வரலாற்றுத் துப்பறியும் நாவலுக்கென்று தனிப் பரிசை 1999-இல் தொடங்கியபோது முதல் பரிசு டேவிஸின் ஃபால்கோ நாவலுக்கே போனது.

ரோமாபுரி இவ்வளவு விளைந்த நிலமாக இருப்பதற்குப் படையும் பளிங்கும்தான் காரணம் என்று நான் முதலில் நினைத்தேன். படிக்கப் படிக்க அது தவறென்று புரிந்தது. காரணங்கள் வேறு.

ஒன்று, அந்த ஊரில் இன்றைய பொருளில் போலீஸ் கிடையாது. கி.பி. 6-இல் அகஸ்டஸ் ஏழு அணிகளாக இரவுக் காவலரை அமைத்தார். அவர்களின் முதல் வேலை தீயணைப்பு. கொலை நடந்தால் வழக்குப் போட வேண்டியது இறந்தவரின் உறவோ, துணிந்து முன்வரும் யாரோ ஒருவரோதான். அரசு செய்யாத வேலையைத் தனியாள் செய்தாக வேண்டும். அந்த வெற்றிடத்தில்தான் ஃபால்கோவும் கோர்டியானஸும் நிற்கிறார்கள்.

இரண்டாவது, எளியவர்களின் எழுத்து. இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. வடக்கு இங்கிலாந்தில் விண்டோலாண்டா என்ற ராணுவ முகாமில் 1973 முதல் மெல்லிய மரத்தகட்டுக் கடிதங்கள் கிடைத்தன. அதில் ஒன்று, அதிகாரியின் மனைவி ஒருத்தி தன் தோழியைப் பிறந்தநாளுக்கு அழைத்து கி.பி. 100-ஐ ஒட்டி எழுதியது. பாத் நகரின் வெந்நீர் ஊற்றில் சுமார் 130 ஈயத் தகடுகள் எடுத்தார்கள். என் மேலாடையைத் திருடினவன் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரனோ, அவனைத் தண்டி என்று சூலிஸ் மினர்வா அம்மனிடம் கொடுத்த முறையீடுகள். குளிக்கப் போன இடத்தில் துணியைப் பறிகொடுத்தவரின் ஆத்திரம் 1,700 ஆண்டுகளுக்குப் பின்னும் அதே சூட்டோடு இருக்கிறது. சந்தேகப் பட்டியலே அந்தத் தகட்டில் வந்துவிடுகிறது. இதற்கு மேல் ஒரு நாவலாசிரியருக்கு என்ன வேண்டும்?

மூன்றாவது, வழக்கு மன்றப் பேச்சுகள். செய்லரின் முதல் நாவல் ‘ரோமன் பிளட்’ (1991) முழுக்கக் கி.மு. 80-இல் நடந்த உண்மை வழக்கின்மேல் எழுந்தது. தந்தையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட செக்ஸ்டஸ் ரோசியஸுக்காக இளம் சிசரோ வாதாடினார். இந்தச் சாவால் யாருக்கு ஆதாயம் என்ற பழைய கேள்வியை அவையில் எழுப்பி, சர்வாதிகாரி சுல்லாவின் ஆளான கிரிசோகோனஸ் பக்கம் விரலை நீட்டினார். அந்தப் பேச்சு எழுத்தில் நிலைத்துவிட்டது. செய்லர் செய்ததெல்லாம், அந்த வாதத்துக்குத் தேவையான துப்பைத் தெருத்தெருவாக அலைந்து சேகரித்தவன் ஒருவன் இருந்திருக்க வேண்டும் என்று யோசித்ததுதான். அவன்தான் கோர்டியானஸ்.

இந்த நாவல்களில் எனக்குக் குறையாகப் படுவதையும் சொல்ல வேண்டும். ஃபால்கோவின் பேச்சு பல இடங்களில் 1940-களின் அமெரிக்கத் துப்பறிவாளனின் பேச்சு. சிரிக்க வைக்கிறது, காலத்தை மறக்கவும் வைக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல் அடிமைமுறை. ரோமானியச் சட்டப்படி அடிமையின் சாட்சியம் சித்திரவதையின் கீழ்தான் செல்லும். எஜமானன் வீட்டில் கொல்லப்பட்டால் அந்த வீட்டு அடிமைகள் அத்தனை பேருக்கும் மரணம். கி.பி. 61-இல் நகர ஆட்சியர் பெடானியஸ் செகுண்டஸ் கொலையானபோது 400 அடிமைகளைக் கொன்றார்கள் என்று டாசிடஸ் எழுதியிருக்கிறார். இப்படிப்பட்ட ஊரில் “கொலையாளி யார்?” என்று கேட்பது விளையாட்டாக இருக்க முடியாது. செய்லரின் ‘ஆர்ம்ஸ் ஆஃப் நெமிசிஸ்’ (1992) இதை நேருக்கு நேர் பார்க்கிறது. ஸ்பார்டகஸ் கலகம் நடக்கும் நேரம். ஒரு மாளிகைத் தலைவன் கொலையாகிறான். உண்மைக் கொலையாளியைச் சில நாளுக்குள் கண்டுபிடிக்காவிட்டால் வீட்டு அடிமைகள் எல்லோரும் சாக வேண்டும். ரோமாபுரித் துப்பறியும் நாவல்களில் எது சிறந்தது என்று கேட்டால் நான் தயங்காமல் இதைச் சொல்வேன். துப்பறிவது உயிர் காக்கும் வேலையாக மாறும் இடம் அது. தோட்டக்காட்டுத் தமிழர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு அந்த நாவலில் புரியாத பக்கம் ஒன்றும் இல்லை.

ரோமாபுரியை விட்டு நம் பக்கம் திரும்பும் வழியில் கோலாலம்பூரில் ஒரு வீட்டைக் கடக்க வேண்டும். 1959 முதல் 1962 வரை நெதர்லாந்தின் தூதராக அங்கே இருந்தவர் ராபர்ட் வான் குலிக். வீட்டில் கிப்பன் குரங்குகளை வளர்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் ‘நீதிபதி டீ’ நாவல்களை எழுதினார். 7-ஆம் நூற்றாண்டில் உண்மையாக வாழ்ந்த சீன அதிகாரி டி ரென்ஜியேதான் அந்த டீ. வரிசையின் சில நாவல்கள் முதலில் அச்சானதும் கோலாலம்பூரிலேயே. வான் குலிக்கின் பாதை நமக்கு ஒரு பாடம். சீனத்தில் நீதிபதி துப்பறியும் கதைகள் பல நூற்றாண்டுகளாக உண்டு. அவர் 18-ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றை மொழிபெயர்த்து 1949-இல் வெளியிட்டார். மேல்நாட்டுத் துப்பறியும் கதைகளைப் பார்த்து எழுதும் ஆசிய எழுத்தாளர்கள் தங்கள் மரபிலிருந்தே எழுதலாமே என்பது அவர் ஆசை. அதைச் செய்து காட்டத்தான் தாமே பேனா எடுத்தார்.

தமிழில் அந்த மரபு இல்லையா? இருக்கிறது. மரியாதைராமன் கதைகள் அதுதான். நான்கு பேர் ஒரு கிழவியிடம் குடத்தைக் கொடுத்து, நாலு பேரும் சேர்ந்து வந்தால்தான் தர வேண்டும் என்கிறார்கள். ஒருவன் ஏமாற்றி வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறான். மற்ற மூவரும் கிழவிமேல் வழக்குப் போடுகிறார்கள். நாலாவது ஆளையும் கூட்டிவாருங்கள், கிழவி தருவாள் என்று தீர்ப்பாகிறது. அருமையான கதை. ஆனால் கவனியுங்கள்: ஓடிப்போனவனை யாரும் தேடவில்லை. மரியாதைராமன் உட்கார்ந்த இடத்திலிருந்தே முடித்துவிடுகிறான். நம் கதைமரபுக்குத் தீர்ப்பின்மேல் இருக்கும் காதல் தேடலின்மேல் இல்லை. கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட சோழன் கதையிலும் அப்படித்தான். மணியோசை கேட்டதும் தண்டனை. நடுவில் விசாரணை ஒரு நொடி.

அச்சில் வந்த துப்பறியும் கதை நமக்குப் புதிதும் அல்ல. பண்டித நடேச சாஸ்திரி ‘தானவன்’ என்ற போலீஸ்காரனின் கதைகளை 1894-இலேயே வெளியிட்டார். ஷெர்லாக் ஹோம்ஸ் இன்னும் புதிதாக இருந்த காலம் அது. பிறகு ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன், தேவனின் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்–வசந்த், அப்புறம் ராஜேஷ்குமார் தலைமுறை. என் இளமையில் பினாங்குக் கடைகளில் சங்கர்லால் புத்தகம் கைமாறிக் கைமாறி நைந்துபோகும். இவர்கள் எல்லோரும் அந்தந்தக் காலத்தின் நிகழ்காலத்தில் வாழ்ந்தவர்கள்.

இன்னொரு பக்கம் சரித்திர நாவல். சாண்டில்யனின் ‘யவன ராணி’யில் கரிகாலன் காலத்துப் புகார், டைபீரியஸ் என்று ஒரு யவனத் தலைவன்கூட வருகிறான். ‘கடல் புறா’ கடாரம் வரை, அதாவது பினாங்கிலிருந்து கண்ணுக்குத் தெரியும் கெடா மலையடிவாரம் வரை வந்துவிட்டது. ஆனால் அங்கெல்லாம் நாயகன் படைத்தலைவன். அவன் கேள்வி, எப்படி வெல்வது? மிளகுக் கிடங்கில் மூட்டை குறைந்தால் அது அவன் கவலை ஆகாது.

சுஜாதா மட்டும் இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவே பாலம் போட்டார். ‘காந்தளூர் வசந்தகுமாரன் கதை’யில் ராஜராஜன் காலத்துக்குள் ஒரு துடுக்கான மாணவனையும் கணேச பட்டர் என்ற ஆசிரியரையும் அனுப்பினார். கணேஷும் வசந்தும் ஆயிரம் ஆண்டு பின்னால் போய் நிற்கிறார்கள் என்பது முதல் பக்கத்திலேயே வாசகனுக்குத் தெரிந்துவிடும். ஆனால் கதை போகப் போகச் சதியும் போரும் துப்பை விழுங்கிவிடுகின்றன.

கல்கியும் கிட்டத்தட்ட வந்தார். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வ’னின் நடுநாடி ஆதித்த கரிகாலன் கொலை. கொன்றது யார் என்பதை அவர் வேண்டுமென்றே மங்கலாக விட்டார். அந்தக் கொலைக்கு ஆவணம் இருக்கிறது: காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரம் கோயிலில், ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. கொலைத் துரோகிகளாகச் சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் முதலானோரைப் பெயர் சொல்லி, அவர்களின் உறவினர் நிலங்களையும் பறிமுதல் செய்யச் சொல்கிறது. துப்பறிவாளனின் கண்ணோடு இதைப் படித்துப் பாருங்கள். ஒருவனுக்குப் பாண்டியப் பட்டம். இன்னொருவனுக்குச் சோழப் பட்டம். சோழ அரசு பட்டம் கொடுத்து வைத்திருந்த அதிகாரி சோழ இளவரசனை ஏன் கொன்றான்? கொலை நடந்து பல ஆண்டு கழித்து, உத்தம சோழன் ஆட்சி முடிந்து ராஜராஜன் வந்தபிறகு இந்த ஆணை ஏன்? நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழனைச் சந்தேகித்தார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். அறிஞர்களின் இந்த வழக்காடல், எந்தத் துப்பறியும் நாவலுக்கும் சளைத்ததல்ல.

அதிலும் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறு செய்தி. கொலையைப் பதிவு செய்யவென்று அந்தக் கல்வெட்டு எழுதப்படவில்லை. பறிமுதலான நிலத்தை ஊர்ச்சபை விற்றது. ஒருவர் வாங்கிக் கோயிலுக்கு அறமாகக் கொடுத்தார். அந்தக் கொடைக்கான பத்திரம் அது. சோழ இளவரசன் கொலைக்கு நமக்கிருக்கும் முதன்மைச் சான்று, ஒரு நிலக் கிரயம். பாத் ஊற்றின் ஈயத் தகடு போலத்தான் இதுவும். நம் கோயில் சுவர்களெங்கும் இப்படி எளியவர்களின் வழக்குகள் இருக்கின்றன. வேட்டையில் தவறி ஒருவனைக் கொன்றவன் விளக்கெரிக்க 90 அல்லது 96 ஆடு கொடுத்த செய்தி ஊருக்கு ஊர் உண்டு. தவறித்தான் கொன்றானா என்று ஊரார் எப்படித் தீர்மானித்தார்கள்? அம்பு எங்கிருந்து வந்தது என்று யார் போய்ப் பார்த்தது? ஒவ்வொரு கல்வெட்டுக்குப் பின்னாலும் யாரோ நடந்திருக்கிறார்கள், கேட்டிருக்கிறார்கள், எழுதி வைக்காமல் போயிருக்கிறார்கள்.

இனி கோவலன் வழக்கு. தமிழின் மிகப் பழைய, மிகப் பெரிய குற்றக்கதை சிலப்பதிகாரம். அதைத் துப்பறியும் நாவலின் கோணத்தில் படித்தால் இளங்கோவின் கைவண்ணம் திடுக்கிட வைக்கிறது. அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். கோவலன் கொண்டுவந்த சிலம்பைப் பார்த்ததும் அவனுக்கு வழி பிறக்கிறது. அரசனிடம் சொல்லி ஆணை வாங்குகிறான். கொலைக்களத்தில் காவலர் தயங்குகிறார்கள். இவன் முகக்குறியைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்கிறான் ஒருவன். அந்தத் தயக்கத்தைப் பொற்கொல்லன் எப்படி உடைக்கிறான் தெரியுமா? களவு நூலை எடுத்து ஓதுகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்க்குத் துணையான எட்டையும் வரிசையாக விளக்குகிறான். குற்றவாளியே துப்பறியும் நிபுணனின் வேடம் போடுகிறான்! அந்த அறிவின் பளபளப்பில் காவலர் மயங்குகிறார்கள். ஒருவன் வாளை வீசிவிடுகிறான். குற்றவாளியே புலனாய்வை நடத்தும் இந்தத் திருப்பத்தை இருபதாம் நூற்றாண்டுக் குற்றக்கதைக்காரர்கள் பெரிய புதுமையாகக் கையாண்டார்கள். மதுரையில் அது எப்போதோ நடந்துவிட்டது.

பிறகு கண்ணகி செய்வது சோதனை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம், அரசியின் சிலம்பின் பரல் முத்து, உடைத்தால் தெரிந்துவிடும். மன்னன் உடைக்கக் கொடுத்திருக்க வேண்டிய ஒரு சிலம்பு, அரைநாழிகை வேலை, ஒரு உயிர். ஆராயாமல் ஆணையிட்டது தன் பிழை என்று பாண்டியன் விழுந்து சாகிறான். அதன்பின் காவியம் தீக்கும் தெய்வத்துக்கும் போய்விடுகிறது. பொற்கொல்லனின் பட்டறைக்கு யாரும் போகவில்லை. அரசியின் உண்மைச் சிலம்பு எங்கே? அவன் அதை உருக்கிவிட்டானா, யாரிடமாவது விற்றானா, உடந்தை யார்? இந்தக் கேள்விகள் 1,500 ஆண்டுக்கும் மேலாகத் திறந்தே கிடக்கின்றன.

இங்கே ரோமாபுரியும் தானாக உள்ளே வருகிறது. கோவலன் மதுரைக் கோட்டைக்குள் நுழையும்போது வாயிலில் வாளோடு காவல் நின்றவர்கள் யவனர் என்று சிலப்பதிகாரமே சொல்கிறது. அவர்கள் ஐயுறாதபடி அவன் உள்ளே போகிறான். எனக்கு அந்த யவனக் காவலன்மேல் தீராத ஆசை. கடல் கடந்து வந்து கூலிக்கு வாள் பிடித்தவன். ஊர் மொழி பாதி தெரியும், பாதி தெரியாது. தன் கண்முன்னே உள்ளே போன சாதுவான வணிகன் மறுநாளே கள்வனென்று வெட்டுப்பட்டான் என்று கேள்விப்படுகிறான். இவன் உள்ளே வந்ததே நேற்றுத்தான், அரண்மனைச் சிலம்பு முன்பே காணாமல் போயிற்றே என்று அவனுக்கு மட்டும் உறைக்கிறது. தமிழின் முதல் ரோமாபுரித் துப்பறிவாளன் எழுந்து நிற்கிறான். எழுதத்தான் ஆள் இல்லை.

இந்த வழக்குக்கு ஒரு பின்னிணைப்பு பினாங்குக்கு வடக்கே, இதே கடற்கரையில் இருக்கிறது. தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் க்லோங் தோம் என்ற ஊர். மணிகள் ஏராளமாகக் கிடைத்த பழைய துறைமுகம். ரோமானிய உருவம் செதுக்கிய முத்திரைக் கற்களும் அங்கே கிடைத்தன. அங்கு எடுத்த சின்னஞ்சிறு கல் ஒன்றில் தமிழ் பிராமியில் ‘பெரும்பதன் கல்’ என்று பொறித்திருக்கிறது. பெரும் பத்தனின், அதாவது மூத்த பொற்கொல்லன் ஒருவனின் உரைகல். கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு. தமிழ்ப் பொற்கொல்லன் ஒருவன் கடல் தாண்டி வந்து, கல்லில் தன் பெயரை வெட்டி, பொன்னை உரசிப் பார்த்து மாற்றுச் சொல்லிப் பிழைத்திருக்கிறான். நல்லது எது, கலப்படம் எது என்று கண்டுபிடிப்பதே அவன் தொழில். பல மொழிக்காரர் அவன் முன் அமர்வார்கள். திருட்டுப் பொன்னும் முதலில் அவன் கல்லுக்குத்தான் வரும். ரோமாபுரிக்கு ஒரு ஃபால்கோ என்றால் இந்தக் கடற்கரைக்கு ஒரு பெரும்பதன். மதுரைப் பொற்கொல்லன் தன் குலத்துக்கு வைத்த பழியைத் துடைக்க இதைவிடப் பொருத்தமான கதைநாயகன் கிடைக்க மாட்டான்.

பழங்காலம் தொலைவென்று கருதுவோருக்கு ஜார்ஜ்டவுனே போதும். இந்த ஊரை வைத்து ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஆஸ்திரேலிய வரலாற்றாசிரியர் பிரையன் ஸ்டொடார்ட் 1920-களின் சென்னைப் போலீஸ் அதிகாரி லெ ஃபானுவை வைத்து ஒரு துப்பறியும் வரிசை எழுதினார். அதன் மூன்றாம் நாவல் ‘எ ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்’ சென்னையில் தொடங்கிப் பினாங்குக்கு வருகிறது. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்த அதே தடம். பினாங்கில் பிறந்த தான் டுவான் எங் ‘தி ஹவுஸ் ஆஃப் டோர்ஸ்’ (2023) நாவலில், 1911-இல் கோலாலம்பூரில் ஈதல் ப்ரௌட்லாக் என்ற ஆங்கிலப் பெண் ஓர் ஆணைச் சுட்டுக் கொன்ற வழக்கைப் பினாங்கிலிருந்து திரும்பிப் பார்க்கிறார். இரண்டிலும் விசாரிக்கும் கண் வெள்ளைக்காரருடையது. லெ ஃபானுவின் உதவியாளர் ஹபிபுல்லா எனக்கு மிகவும் பிடித்தவர். ஆனால் அவர் உதவியாளர்தான்.

பினாங்கின் முதல் இருபது ஆண்டுகளைப் பாருங்கள். பிரான்சிஸ் லைட் 1786-இல் கொடி ஏற்றினார். முறையான நீதிமன்றம் தந்த அரச சாசனம் வந்தது 1807-இல். இடைப்பட்ட 21 ஆண்டும் நிலைபெற்ற சட்டம் என்று சொல்ல ஒன்றில்லை. லைட் 1794-இல் எழுதிய குறிப்பின்படி சுமார் 1,000 சூலியர், அதாவது தமிழ் முஸ்லிம்கள், இங்கே குடியிருந்தார்கள். அதுபோக ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்து, பொருள் ஈட்டித் திரும்பினார்கள். ஒவ்வொரு இனத்தின் சில்லறை வழக்குகளையும் அந்தந்த இனத் தலைவரான கப்பித்தானே தீர்த்துவைத்தார். நம்மவர்களுக்கு அது காதர் மைதீன். 1801-இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை உருவாக்கியவர். ஃபால்கோவுக்கு ரோமாபுரி கொடுத்த அதே வெற்றிடம், அப்படியே சூலியா தெருவில். கப்பித்தானிடம் வழக்கு வருகிறது: நாகூர்க் கப்பலில் வந்த ஒருவன் கரையிறங்கிய மூன்றாம் நாள் கிணற்றடியில் செத்துக் கிடக்கிறான். போய் விசாரித்து வா என்று அவர் யாரை அனுப்பியிருப்பார்? மலாயும் தமிழும் கொஞ்சம் ஹொக்கியனும் தெரிந்த கணக்கப்பிள்ளை ஒருவரை. அந்தக் கணக்கப்பிள்ளையை நான் சூலியா தெருவில் நடக்கும்போதெல்லாம் பார்க்கிறேன். போலீசை இந்த நாட்டில் மாத்தா-மாத்தா என்பார்கள், கண் என்று பொருள்படும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. அந்தப் பெயர் முதலில் அவருக்குத்தான் பொருந்தும்.

பிந்திய காலம் வேண்டுமானால் 1867 ஆகஸ்ட் கலவரம் இருக்கிறது. சீனர்களின் கீ ஹின், தோ பே கோங் சங்கங்களும், மலாய்க்காரரும் தமிழ் முஸ்லிம் வழியினரும் இருந்த வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடிச் சங்கங்களும் இரண்டு அணியாகப் பிரிந்து தெருவில் மோதின. அதை விசாரித்த ஆணையம் 1868-இல் அறிக்கை கொடுத்தது. சாட்சிகளின் வாய்மொழி பக்கம் பக்கமாக இருக்கிறது. தெருக்காரர்களின் குரல் அது. விண்டோலாண்டா மரத்தகடுகளுக்கு இணையான செல்வம். இதைப் படித்துத் தமிழில் கதையாக்க யாரும் மேல்நாட்டு அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக என் மனத்தை அறுப்பது 1802. பாளையக்காரர் போர் முடிந்து மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட பிறகு, பிடிபட்டவர்களில் 73 பேரை அடுத்த பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றினார்கள். கொண்டுவந்து இறக்கிய இடம் பினாங்கு. அவர்களில் ஒருவன் சின்ன மருதுவின் மகன் துரைசாமி. வயது சுமார் 15. தூத்துக்குடியில் அந்தக் கைதிகளுக்குப் பொறுப்பாக இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1818-இல் பினாங்குக்கு வந்தபோது, முன்னே வந்து நின்ற ஒருவரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. உடல் ஒடுங்கி, காலத்துக்கு முன்பே முதுமை தட்டிய உருவம். அதுதான் அந்தப் பையன் என்று தெரிந்தபோது தாம் கலங்கியதை வெல்ஷ் தம் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

கணக்குப் போட்டால் துரைசாமிக்கு அப்போது 31 வயதுதான். கணக்கப்பிள்ளை தன் முதல் ஏட்டைப் பிரிக்கட்டும்: 1802 முதல் 1818 வரை இந்தத் தீவில் அந்த உடம்புக்கு என்ன நடந்தது, யார் செய்தார்கள், உடன் வந்த மற்ற 72 பேரும் எங்கே?